விஷமுறிவு மருந்தும் தாங்கல் கரைசலும்

பாம்புக்கடிக்குப் போடப்படும் விஷமுறிவு மருந்து, குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் எதிர்ப்பொருள். எதிர்ப்பொருள் ஒரு புரதம். வெப்பம், குலுக்கல், அமிலத்தன்மை மாற்றம் ஆகியவற்றில் எதுவும் அதன் மடிப்பைக் குலைத்துவிடலாம். குலைந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரண்டால் மருந்தின் வீரியம் குறையும்; நோயாளியின் உடலில் கடுமையான எதிர்விளைவும் எழக்கூடும். அமிலத்தன்மையின் அளவான பி.எச். மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல்தான் இதற்கு முதல் அரண்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல் வயலில் இறங்கிப் பாம்புக்கடிக்கு ஆளாவோருக்கு இந்த மருந்தின் வீரியம் உயிர்ப் பிரச்சினை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் இந்தியாவில் ஒரே மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சைத் தருவதில், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மருந்தின் ஒரு மில்லிலிட்டர், நல்ல பாம்பு நஞ்சில் 0.6 மில்லிகிராமையும் கட்டுவிரியன் நஞ்சில் 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது தர அளவு.

திரவ மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். ஆயுள் 2 ஆண்டு. உறையவைத்து உலர்த்திய தூளுக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை. சுமார் 5 ஆண்டு தாங்கும். மின்வெட்டு வந்துபோகும் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குத் தூளே பொருத்தம்.

ஆனால், உறையவைக்கும் கட்டத்தில்தான் தாங்கல் கரைசலின் தேர்வு கடினமாகிறது. சோடியம் பாஸ்பேட் உறையும்போது அதிலுள்ள ஓர் உப்பு முந்திக்கொண்டு படிகமாகும். 7-ஐ ஒட்டியிருந்த பி.எச். 4 வரை சரியலாம். திரவமாக இருந்தபோது நன்றாகக் காத்த கரைசலே அப்போது புரதத்தைக் கெடுக்கிறது. எந்த பி.எச். அளவில் புரதத்தின் நேர், எதிர் மின்சுமைகள் சமமாகின்றனவோ, அங்கே மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலக்கும் விசை தளர்ந்து திரட்சி எளிதாகிறது. அந்தப் புள்ளியிலிருந்து விலகிய பி.எச். அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்திய விஷமுறிவுத் தூளில் புரதத்தைக் காக்க கிளைசின் சேர்க்கிறார்கள். வேறு நோய்களுக்கான எதிர்ப்பொருள் மருந்துகளிலும் இதே கவனம் தேவை. மார்பகப் புற்றுநோய்க்கான ஹெர்செப்டின் தூளில் பி.எச். 6 அளவில் ஹிஸ்டிடின் தாங்கலாக இருக்கிறது. உலரும்போது புரதத்தைக் காக்க டிரேஹலோஸ் சர்க்கரையும், காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் அது குலையாதிருக்க பாலிசார்பேட் 20-உம் துணை நிற்கின்றன. மூட்டுவாதத்துக்கான எதிர்ப்பொருள் மருந்தான அடாலிமுமாபின் பழைய தயாரிப்பில் சிட்ரேட் தாங்கல் இருந்தது. ஊசி போட்ட இடம் எரிந்தது. மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவுள்ள புதிய தயாரிப்பில் தனித் தாங்கல் உப்பே இல்லை. அவ்வளவு செறிவில் புரதமே பி.எச். அளவைத் தாங்கிக்கொள்கிறது.

நல்ல கரைசலும் கையாளும் முறை தவறினால் பயன்படாது. விஷமுறிவுத் தூளில் 10 மில்லிலிட்டர் ஊசிநீரைச் சேர்த்து, குப்பியை மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். நுரை வரக் குலுக்கக் கூடாது. கலங்கலாகவோ துகள்களுடனோ தெரியும் மருந்தை நோயாளிக்கு ஏற்றக் கூடாது.