சம்பளச் சீட்டின் வரலாறு

மாத முடிவில் பல்கலைக் கழக அலுவலகம் நமக்குச் சம்பளச் சீட்டு ஒன்றை அளிக்கின்றது. ஒரு பக்கத்தில் நமக்கு உரிய தொகை; மறு பக்கத்தில் பிடித்தங்கள். கைக்கு வரும் தொகையை மட்டும் நோக்கிவிட்டுச் சீட்டை மடித்து வைத்துவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். ஆயினும், அப்பிடித்தங்களுள் ஒன்றாகிய வருமான வரிக்கு நீண்ட வரலாறு உண்டு. அதனை அறிந்தால் சீட்டை நாம் படிக்கும் முறையே வேறாகும்.

இந்நாட்டில் பல்கலைக் கழகமும் வருமான வரியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தோன்றியவை. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் 1857-இல் நிறுவப்பெற்றன. அவ்வாண்டில் மூண்ட பெருங்கிளர்ச்சியை அடக்கச் செய்த செலவால் கஜானா வறண்டது. அதனை நிரப்ப லண்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் வில்சன் 1860-இல் வருமான வரியைப் புகுத்தினார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைவாகப் பெறுவோருக்கு வரி இல்லை. 200 முதல் 500 ரூபாய் வரை நூற்றுக்கு 2. அதற்கு மேல் நூற்றுக்கு 4.

இவ்வரியை வன்மையாக எதிர்த்தவர் சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். இராணுவச் செலவைக் குறைத்தால் புதிய வரி வேண்டுவதில்லை என்பது அவர் கட்சி. தம் எதிர்ப்பைப் பத்திரிகையில் வெளியிட்டமையால் அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் காலமானார். பின்னர் டிரெவெல்யனே நிதி உறுப்பினராக வந்தார். 1865-இல் அவ்வரி காலாவதியாயிற்று. மறுபடி வருவதும் போவதுமாக இருந்து, 1886-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அது நிலைபெற்றது.

சம்பளம் கைக்கு வருமுன்னரே வரியைப் பிடித்துக்கொள்ளும் முறை இங்கிலாந்தில் 1803-இல் அடிங்டன் இயற்றிய சட்டத்தில் வேரூன்றியது. இந்தியாவில் 1922-ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் கொடுக்கும் பொறுப்புடைய எவரும் வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்று விதித்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 192-ஆம் பிரிவும் இதனையே கூறியது. இவ்வாறு வரி கொடுப்பவர் ஒருவர், அதனைக் கட்டுபவர் மற்றொருவர் என்றாயிற்று. இவ்விருவருக்கும் இடையே சாட்சியாக நிற்பது ஒரு காகிதமே. 1961 சட்டத்தின் கீழ் அதற்குப் படிவம் 16 என்று பெயர்.

அக்காகிதம் ஏன் முக்கியம்? பிடித்த வரியை நிர்வாகம் கஜானாவில் கட்டத் தவறினால் ஊழியர் என் செய்வார்? பிடிக்கப்பட்ட அளவுக்கு அவரிடம் மீண்டும் வரி கேட்கலாகாது என்று அச்சட்டத்தின் 205-ஆம் பிரிவு காப்பளித்தது. ஆனால், பிடித்ததற்குச் சான்று வேண்டுமன்றோ? சம்பளச் சீட்டே அச்சான்று. ஆதலின், ஒவ்வொரு மாதச் சீட்டையும் பத்திரப்படுத்துவதும், படிவத்தில் நம் நிரந்தரக் கணக்கு எண் பிழையின்றி உள்ளதா என்று பார்ப்பதும் நம் கடமை.

மாணவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. உபகாரச் சம்பளம் என்னும் சொல்லில் சம்பளம் இருக்கின்றது. சட்டமோ அதனைச் சம்பளமாகக் கருதவில்லை. கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உபகாரச் சம்பளத்திற்கு 10-ஆம் பிரிவின் 16-ஆம் உட்பிரிவு வரிவிலக்கு அளித்தது. அதே மாணவர் பாடம் நடத்தும் வேலைக்கு அமர்த்தப்பட்டு ஊதியம் பெற்றால், அது சம்பளமே, வரிக்கணக்கில் சேரும். பணத்தின் பெயரையன்று, அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதையே சட்டம் நோக்குகின்றது. எனவே, நியமன உத்தரவை வாங்கும்போதே அதன் வாசகத்தை ஊன்றிப் படித்தல் நலம்.

2025-இல் நாடாளுமன்றம் புதிய வருமான வரிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2026 ஏப்ரல் 1 அது நடைமுறைக்கு வர வகுத்த நாள். பிரிவுகளும் படிவ எண்களும் மாறினும், பிடித்தமும் அதற்குச் சான்று தரும் கடமையும் மாறவில்லை. ஒரு கவர்னர் தம் பதவியையே இழக்கும் அளவுக்கு வாதாடிய பொருள் அது. நம் பங்குக்கு, அச்சீட்டை மடிக்குமுன் ஒருமுறையேனும் முழுவதும் படிப்போமாக.