கழுத்துக்குள் ஒரு கிழிசல்

சங்கரன்கோவில் கடைத்தெருவானாலும் சரி, உங்கள் ஊரானாலும் சரி, முடி வெட்டி முடிந்ததும் சில கடைகளில் இலவசமாக ஓர் உபசாரம் கிடைக்கும். தாடையையும் பின்தலையையும் பிடித்து வெடுக்கென்று திருப்புவார்கள். கழுத்து நெட்டி முறியும். அந்தச் சுகம் உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். 2024இல் கர்நாடகத்தின் பெல்லாரியில் இப்படிக் கழுத்தைக் கொடுத்த இளைஞர் ஒருவருக்குப் பேச்சு குழறி, இடப்பக்கம் வலுவிழந்தது. கழுத்துத் தமனியில் கிழிசல் என்று மருத்துவர்கள் கண்டார்கள்.

கிழிசல் என்றதும் இரத்தம் வெளியே பீறிடும் என்று எண்ணிவிடாதீர்கள். உள்துணி வைத்துத் தைத்த பையில் அந்தத் துணி மட்டும் கிழிந்தால், போட்ட சில்லறை இரு துணிகளுக்கும் நடுவே போய் முட்டிக்கொண்டு நிற்குமல்லவா? தமனிச் சுவருக்கு மூன்று அடுக்குகள். உள்ளடுக்கு கீறிவிட்டால் இரத்தம் அடுக்குகளுக்கிடையே புகுந்து புடைக்கிறது. குழாயின் வழி குறுகுகிறது. கீறிய இடத்தில் இரத்தம் உறைந்து, அதன் துணுக்கு மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். முன்கழுத்தில் இரண்டு, பின்கழுத்தில் இரண்டு என மூளைக்குச் செல்லும் தமனிகள் நான்கு. பின்னவை கழுத்தெலும்புகளின் துளைகளில் நுழைந்து, உச்சி எலும்பின்மேல் வளைந்து செல்பவை. வெடுக்கென்ற திருப்பத்தில் இழுபடுவது அந்த வளைவுதான்.

1947இல் அமெரிக்காவில் பிராட்-தாமஸ், பெர்கர் என்ற இருவர், முதுகெலும்பைத் திருத்துவோரிடம் கழுத்தைக் கொடுத்து மூளை பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். ஆனால் உயிரோடிருப்பவரிடம் இக்கிழிசலைக் கண்டறிவது அக்காலத்தில் அரிது. இத்தனைக்கும், தமனிக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் வித்தையைப் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் 1927இலேயே காட்டியிருந்தார்! 1978இல்தான் பாஸ்டனின் மில்லர் ஃபிஷரும் கூட்டாளிகளும், அப்படங்களில் தமனி நூல்போல் மெலிந்து தெரிவதை விரிவாக விளக்கினார்கள். பெரிய அடி எதுவும் படாமலேயே இது நேரும் என்பதும் தெளிவாயிற்று. பலத்த இருமல்கூடச் சிலருக்குப் போதும். பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. படம், சுவருக்குள் தேங்கிய இரத்தத்தையே காட்டிவிடுகிறது.

ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் மூவருக்கு வரும் நோய் இது. கேட்க அற்பம்தான். ஆனால் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களின் பக்கவாதத்துக்கு முக்கிய காரணங்களில் இது ஒன்று.

முடி திருத்துபவர்மேல் முழுப்பழியையும் போடுவதும் சரியல்ல. முன்பே கிழிந்த தமனியின் வலியைச் சுளுக்கு என்று நினைத்து, அதை எடுத்துவிடச் சொல்லிப் போகிறவர்களும் உண்டு. அப்போது எது முந்தியது என்று யார் சொல்வது? ஒரு பக்கக் கழுத்தில் என்றுமில்லாத வலி, அதே பக்கத்துக் கண் இமை தாழ்வது, கண்மணி சுருங்குவது ஆகியவை பக்கவாதத்துக்குச் சில மணிகளோ நாட்களோ முன்பே தோன்றக்கூடும். சுளுக்கு எடுப்பவரிடம் போகக்கூடாத வேளை அது.

சிகிச்சை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. கத்தி பெரும்பாலும் தேவையில்லை. பல தமனிகள் சில மாதங்களில் தாமே ஆறிவிடும். அதுவரை இரத்தம் உறையாமல் காப்பதே வேலை. அதற்கு ஆஸ்பிரின் வகையா, வலுவான உறைதடுப்பு மருந்தா என்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 250 நோயாளிகளிடம் சோதித்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். இரு பிரிவிலும் மீண்டும் பக்கவாதம் கண்டவர் மொத்தம் நால்வரே. இரண்டுக்கும் தெளிவான வேறுபாடு தென்படவில்லை.

பக்கவாதமே வந்துவிட்டால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அதை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 108க்குச் சொல்லிவிட்டு, நோயாளி கடைசியாக நன்றாயிருந்த நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.