பால்மரம் எதை உண்டு வளர்கிறது?

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துக் கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முக்கியமாக அவர்களுக்குத்தான். ஆனாலும் உளி பிடித்து மரம் சீவிய கைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அது என்ன பங்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தோட்டத்துப் பள்ளியில் படித்த காலத்தில், விடுமுறை நாட்களில் என் தாயாருடன் வெளிக்காட்டுக்குப் போவதுண்டு. அவர் மரம் சீவிக்கொண்டே போவார். நான் பின்னால் மங்கு துடைத்து வைத்துக்கொண்டே வருவேன். ஒரு நாள் அவரிடம் கேட்டேன்: “அம்மா, தினமும் இந்த மரத்திலிருந்து பால் எடுத்துக்கிட்டே இருக்கோமே, இது எங்கிருந்தும்மா வருது?”

“எங்கிருந்து வரும்? மண்ணிலிருந்துதான். வேர் உறிஞ்சுது, மரம் பாலா விடுது” என்றார்.

எனக்குச் சமாதானமாகவில்லை. பால்மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் நிற்கிறது. அதில் பெரும்பாலான காலம் பால் தருகிறது. வெட்டிச் சாய்த்தால் அடிமரமும் கிளையுமாக லாரியில் ஏற்றும் அளவுக்குக் கனக்கிறது. இவ்வளவும் மண்ணிலிருந்து வந்தது என்றால், மரம் நின்ற இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்க வேண்டாமா? பள்ளம் எதுவும் காணோமே!

பிள்ளைகளே, என் தாயார் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் அவர் சொன்ன அதே பதிலைத்தான் ஐரோப்பாவின் பெரிய பெரிய அறிஞர்களும் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் காலம் தொட்டு, செடிகொடிகள் மண்ணிலிருந்தே தயாரான உணவை எடுத்துக் கொள்கின்றன, வேரே அவற்றின் வாய் என்றுதான் நம்பி வந்தார்கள். யாரும் அதை நிறுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நிறுத்துப் பார்த்தவர் ஒருவர் வந்தார். அவர் பெயர் வான் ஹெல்மோன்ட். இன்று பெல்ஜியம் என்று சொல்லப்படும் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சேர்ந்த மருத்துவர். அவர் ஒரு பெரிய தொட்டியை எடுத்தார். மண்ணைச் சூளையில் போட்டு நன்றாக உலர்த்தி, சரியாக 200 இராத்தல் நிறுத்துத் தொட்டியில் போட்டார். அதில் 5 இராத்தல் எடையுள்ள வில்லோ என்னும் மரக்கன்று ஒன்றை நட்டார். வெளித் தூசி மண்ணில் விழக்கூடாது என்பதற்காகத் தொட்டியின் வாயைத் துளையிட்ட தகட்டால் மூடினார். தண்ணீரைத் தவிர வேறு எதுவும் ஊற்றவில்லை. ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். 169 இராத்தலுக்கும் சற்று மேல்! பிறகு மண்ணை மறுபடி உலர்த்தி நிறுத்தார. எவ்வளவு குறைந்திருந்தது தெரியுமா? ஏறக்குறைய 2 அவுன்ஸ். ஒரு பிடி மண்கூட இல்லை. மரத்துக்கு 164 இராத்தல் எடை ஏறியிருக்கிறது, மண்ணிலோ 2 அவுன்ஸ்தான் குறைந்திருக்கிறது. பள்ளம் ஏன் விழவில்லை என்ற என் கேள்விக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் தராசில் பதில் வைத்துவிட்டார். இது அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1648-இல் அவருடைய மகன் வெளியிட்ட நூலில் இருக்கிறது.

ஆனால் வான் ஹெல்மோன்ட் முடிவு சொல்லும்போது தவறிவிட்டார். மண் இல்லை என்றால் தண்ணீர்தான், மரம் முழுவதும் தண்ணீராலேயே ஆனது என்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘காஸ்’ என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தவரே இவர்தான். கரியை எரித்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு காஸ் வெளியேறுகிறது என்பதையும் கண்டறிந்தவர் இவர்தான். அதைத்தான் இப்போது கரிவளி என்கிறோம். அந்தக் கரிவளிதான் தன் தொட்டி மரத்தின் உணவு என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. விடை அவர் வீட்டுக் காற்றிலேயே இருந்தது.

நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின் கதை இங்கிலாந்துக்குப் போகிறது. லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் இருந்தார். ஒரு கண்ணாடிச் சாடிக்குள் மெழுகுவர்த்தியை ஏற்றி மூடி வைத்தால், சிறிது நேரத்தில் அது அணைந்துவிடும். அந்தக் காற்றில் ஓர் எலியை விட்டால் அதுவும் தாங்காது. காற்று ‘கெட்டுப்’ போயிற்று என்றார்கள். 1771-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17-ஆம் நாள், பிரீஸ்ட்லி அப்படிக் கெட்டுப்போன காற்றுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்து மூடினார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது! எலியும் பிழைத்தது. நாமும் விலங்குகளும் கெடுக்கும் காற்றைச் செடிகள் திருத்தித் தருகின்றன என்று தெரிந்தது.

சரி, கதை முடிந்ததா? இல்லை. பிரீஸ்ட்லி அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது சில நாள் பலித்தது, சில நாள் பலிக்கவில்லை. சில சமயம் செடியே காற்றைக் கெடுத்தது. காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. சாடியை எங்கே வைத்தோம், வெயிலிலா நிழலிலா என்று அவர் பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர் யான் இங்கன்ஹவுஸ். ஹாலந்து நாட்டில் பிறந்த மருத்துவர். ஆஸ்திரிய அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் வைத்துப் பேர் பெற்றவர். 1779-ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் லண்டனுக்கு அருகே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மூன்றே மாதங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். இலைகளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்தார். இலைமேல் முத்து முத்தாகக் குமிழிகள் எழுந்தன. நிழலுக்குக் கொண்டுபோனார், குமிழிகள் நின்றன. அடுப்படியில் வைத்தால் என்ன என்று சூடேற்றிப் பார்த்தார், பயனில்லை. ஆகவே வேண்டியது சூடு அல்ல, வெளிச்சம். பூவை வைத்தார், வேரை வைத்தார். அவை காற்றைத் திருத்தவில்லை. பச்சையாக உள்ள பாகம் மட்டுமே அந்த வேலையைச் செய்தது. இரவில் பார்த்தால், இலையும் நம்மைப்போலவே மூச்சு விட்டுக் காற்றைச் சிறிது கெடுக்கிறது.

இந்த இரவு விஷயத்தைச் சிலர் பெரிதாக்கி, இரவில் மரத்தடியில் படுத்தால் மரம் விடும் கெட்ட காற்று கொன்றுவிடும் என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. உங்கள் பக்கத்தில் பாயில் படுத்திருக்கும் தம்பியும் அதே காற்றைத்தான் மூச்சில் விடுகிறான். திறந்த வெளியில் அது தங்கியும் நிற்காது. மரத்தடியில் படுக்கக்கூடாது என்றால் அதற்குப் பாம்பும் பட்டுப்போன கிளையும் போதுமான காரணங்கள்.

இங்கன்ஹவுஸுக்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. ஜெனீவா நகரத்துச் செனபியே, செடி கரிவளியை உள்ளே வாங்கிக் கொள்கிறது என்று 1782-இல் காட்டினார். அதே ஊர் டி சொசூர், 1804-இல் வெளியிட்ட நூலில், தண்ணீரும் செடியின் உடம்பாகவே மாறுகிறது என்று எடை போட்டு நிறுவினார். வான் ஹெல்மோன்ட் பாதி சரி, பாதி தவறு என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. சரக்கு காற்றும் தண்ணீரும் என்றால், வெளிச்சத்துக்கு அங்கே என்ன வேலை? இதற்கு விடை தேடும் கதை நம் பக்கத்துத் தீவில் தொடங்குகிறது. ராபர்ட் மேயர் என்ற இளம் ஜெர்மன் மருத்துவர், 1840-ஆம் ஆண்டு ஒரு டச்சுக் கப்பலில் மருத்துவராக ஜாவாவுக்கு வந்தார். அக்காலத்தில் நோய் என்றால் இரத்தம் வடிப்பது வழக்கம். மாலுமிகளின் சிரையிலிருந்து எடுத்த இரத்தம், குளிர் நாட்டில் இருப்பதைவிட இங்கே பளிச்சென்று சிவந்திருப்பதைக் கண்டு அவர் திகைத்தார். வெப்ப நாட்டில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால்தான் இரத்தத்தில் பிராணவாயு மிச்சப்படுகிறது என்று எண்ணினார். உடம்பின் சூடும் கையின் உழைப்பும் உண்ட உணவிலிருந்து வருகின்றன. அப்படியானால் உணவுக்குள் அந்தச் சக்தி எப்படி வந்தது? சூரிய வெளிச்சத்தைச் செடிகள் பிடித்து உணவாகச் சேர்த்து வைக்கின்றன என்று 1845-இல் எழுதினார். மரம் சீவுகிறவர் கையில் இருக்கும் பலமும், அவர் முதல் நாள் உண்ட சோற்றின் வழியாக வந்த வெயில்தான்.

இனி பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலைதான் மரத்தின் சமையற்கட்டு. இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கரிவளி நுழைகிறது. காற்றில் அது மிகக் கொஞ்சம், பத்தாயிரம் பங்கில் நான்கு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே. வேரிலிருந்து தண்ணீர் ஏறி வருகிறது. இலையில் உள்ள பச்சையம் என்னும் பச்சைப் பொருள் வெயிலைப் பிடிக்கிறது. அந்த வெயிலின் பலத்தால் தண்ணீர் பிளக்கப்படுகிறது. அதிலுள்ள பிராணவாயு வெளியே போகிறது. மிச்சமிருப்பது கரிவளியோடு சேர்ந்து சர்க்கரை ஆகிறது. இதற்குப் பெயர் ஒளிச்சேர்க்கை.

நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயு தண்ணீரிலிருந்து பிரிந்ததே அன்றி, கரிவளியிலிருந்து அல்ல என்பது 1941-இல்தான் உறுதியானது. கரிவளி சர்க்கரையாகும் வழியில் ஒவ்வொரு படியையும் கலிபோர்னியாவில் மெல்வின் கால்வின் குழுவினர் கண்டுபிடித்தார்கள். பச்சைப் பாசிக்கு அடையாளமிட்ட கரிவளியைக் கொடுத்து, சில விநாடிகளிலேயே அதைச் சூடான சாராயத்தில் கொன்று, அந்த அடையாளம் எதில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தேடினார்கள். 1961-இல் நோபல் பரிசு கால்வின் ஒருவருக்கே கிடைத்தது. அந்த வேலையில் பெரும்பங்கு ஆற்றிய ஆண்ட்ரூ பென்சனுக்குப் பரிசு இல்லை. அது சரியன்று என்பது என் எண்ணம்.

இப்போது நம் மரத்துக்கு வருவோம். இலையில் உண்டான சர்க்கரை பட்டை வழியே கீழே இறங்குகிறது. பட்டையில் உள்ள பால்குழாய்கள் அதை எடுத்து ரப்பராக மாற்றுகின்றன. ரப்பர் என்பது கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருள். கரி வந்தது காற்றிலிருந்து, ஹைட்ரஜன் வந்தது தண்ணீரிலிருந்து. ஒட்டுப்பாலைக் கொளுத்தினால் கறுப்பாகப் புகை வருகிறதே, அந்தக் கறுப்பு ஒரு காலத்தில் காற்றாக இருந்த கரிதான். 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது, அதே கால்வின் இந்தப் பால்மரத்தை உதாரணம் காட்டி, பால் வடியும் செடிகளிலிருந்து எரிபொருள் எடுக்க முடியுமா என்று ஆராய்ந்தார்.

அப்படியானால் உரம் எதற்கு என்று கேட்பீர்கள். வான் ஹெல்மோன்ட் கண்ட 2 அவுன்ஸ் நினைவிருக்கிறதா? சோற்றுக்கு உப்பு எப்படியோ, அப்படி. மண்ணிலிருந்து மரம் எடுப்பது கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் நடக்காது. பச்சையத்தின் நடுவிலேயே மக்னீசியம் என்ற உலோகம் இருக்கிறது. அது மண்ணில் குறைந்தால் இலை நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பாயும். சமையற்கட்டில் அடுப்பு அணைவது அப்போதுதான்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரம் இலையை உதிர்த்துவிடும். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த மாதங்கள் மறக்காது. மங்கில் பால் குறையும். பாலின் எடையைப் பார்த்துக் கூலி போட்ட இடங்களில் கூலியும் குறையும். கடைக்காரர் கணக்குப் புத்தகம் நீளும். “மரம் ஏமாத்துது” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெட்டில் குற்றம் என்று மேற்பார்வையாளர் சீவுகிறவரைக் கடிந்துகொண்டதையும் பார்த்திருக்கிறேன். குற்றம் மரத்திலும் இல்லை, கையிலும் இல்லை. சமைக்கும் இலை இல்லை. அதோடு, மரம் சேர்த்து வைத்திருந்த சர்க்கரையைப் புதுத் தளிர் விடுவதற்குச் செலவழித்துக் கொண்டிருக்கிறது. தளிர் வந்த உடனேயும் பால் ஏறாது. தளிர் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். அந்த நேரத்தில் சாம்பல் நோய் பிடித்தால் அதுவும் உதிர்ந்துவிடும். மரம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தளிர் விரிந்து, தடித்து, கரும்பச்சையான பிறகே அடுப்பு முழுதாக எரியத் தொடங்கும்.

என் தாயாருக்கு ஒளிச்சேர்க்கை என்ற சொல் தெரியாது. பால் மண்ணிலிருந்து வருகிறது என்றுதான் கடைசி வரை சொல்லிக் கொண்டிருந்தார். ஆனால் அந்த மாதங்களில் அவர் காட்டுக்குள் நுழைந்ததும் மண்ணைப் பார்க்கமாட்டார். தலையில் கட்டிய துணியைச் சற்றுத் தள்ளிவிட்டு, மேலே கொப்புகளைத்தான் அண்ணாந்து பார்ப்பார். “இலை இன்னும் முத்தல. இன்னும் ரெண்டு வாரம் ஆகும்” என்பார். அவர் சொன்ன கணக்கு பெரும்பாலும் தவறியதில்லை.