கடலூர் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டமும் ‘உணர்ந்த தேவை’க் கோட்பாடும்

ஒரு மருத்துவ ஏற்பாட்டை மக்கள் ஏன் ஏற்கின்றனர், ஏன் தவிர்க்கின்றனர் என்று ஆராயும் நடத்தை அறிவியலின் இந்திய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தேவபர் பானர்ஜியிடமிருந்து தொடங்குகின்றனர். பெங்களூர் தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த அவரும் ஸ்டிக் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட தும்கூர் ஆய்வு, காசநோயாளிகளில் பெரும்பாலோர் தம் அறிகுறிகளை அறிந்தே இருந்தனர் என்பதையும், ஏறத்தாழப் பாதிப்பேர் சிகிச்சையை நாடியும் சென்றிருந்தனர் என்பதையும் காட்டி, கிராமத்தாரின் அறியாமையே தடை என்ற மருத்துவர்களின் நம்பிக்கையை அசைத்தது. நோயின் துன்பத்தை மக்கள் ஏற்கெனவே உணர்ந்திருப்பதால், அத்துன்பத்தோடு மருத்துவமனைக்கு வருவோரை முதலில் ஒழுங்காகக் கவனிப்பதே அரசின் கடமை என்பது ‘உணர்ந்த தேவை’ எனும் அவரது கோட்பாட்டின் சாரம். காசநோயைப் பொறுத்தவரை இதை மறுப்பதற்கில்லை; எல்லா மக்கள்நலத் திட்டங்களுக்கும் இதுவே பொதுவிதி என்று கொள்ளும்போதுதான் கடலூர் இடிக்கிறது.

யானைக்கால் நோயை ஒழிக்க, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முழுவதற்கும் டி.இ.சி. (டைஎதில்கார்பமசின்) மாத்திரை வழங்கும் முன்னோட்டம் தமிழகத்தில் கடலூர் மாவட்டத்தில் தொடங்கியது. தொடக்கம் 1996 எனப்படினும், நாடு தழுவிய முன்னோட்டம் 1996–97 என நிதியாண்டாகவே குறிக்கப்படுவதால், முதற்சுற்றின் காலத்தை இதற்குமேல் நெருக்கிச் சொல்வது முறையாகாது. 1993இல் பிரிக்கப்படும்வரை தென்னார்க்காடு மாவட்டம் திண்டிவனத்தையும் சிதம்பரத்தையும் ஒருங்கே கொண்டிருந்தமையால், அப்பெயர் தாங்கிய பழைய ஆய்வுகள் அனைத்தையும் கடலூர்க் கணக்கில் சேர்ப்பதும் பிழையாகும். அருகிலுள்ள புதுச்சேரியில் 1975இல் நிறுவப்பட்ட நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பி. கே. ராஜகோபாலன் காலத்திலேயே கொசு ஒழிப்பில் மக்கள் பங்கேற்பைச் சோதித்திருந்தது. ஆனால் தேங்கிய சாக்கடையை அகற்றச் சொல்வது வேறு, நலமாயிருப்பவரை மாத்திரை விழுங்கச் சொல்வது வேறு.

கோட்பாடு தடுமாறும் இடமும் அதுவே. இரவில் எடுக்கும் இரத்தத்தில் நுண்புழு (யானைக்கால் நோய்ப் புழுவின் இளம் வடிவம்) தென்படுபவர், அதாவது கொசுவின் வழியாக நோயைப் பிறருக்குக் கடத்த வல்லவர், பெரும்பாலும் எந்த உபாதையும் அறியாதவர். உணர்ந்த தேவை இருப்பது கால் வீங்கியவருக்கு. அவ்வீக்கத்தையோ இம்மாத்திரை வற்றச் செய்வதில்லை. மேலும், நுண்புழுக்கள் மடியும்போது காய்ச்சலும் தலைவலியும் கிறுகிறுப்பும் தோன்றுவதால், நேற்றுவரை நன்றாயிருந்தவரை நோயாளியாக்கியது மாத்திரையே என்ற முடிவுக்கு வீட்டார் வருவது இயல்பு. இதனை அறியாமை என்பது எளிது. கண்ணால் கண்டதிலிருந்து செய்த அனுமானம் என்பதே பொருந்தும்.

திட்டத்தின் அளவு அட்டவணை இங்குக் கூர்ந்து நோக்கத் தக்கது. உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் என்பதே மருத்துவ அளவு. வாசல்தோறும் எடை பார்க்க இயலாதாகையால் அது வயதுக் கணக்காக மாற்றப்பட்டு, 2 முதல் 5 வயதுவரை ஒரு மாத்திரை, 14 வயதுவரை இரண்டு, அதற்கு மேல் மூன்று என வகுக்கப்பட்டது. கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கடும் நோயுற்றோரும் விலக்கப்பட்டனர். வெறும் வயிற்றில் போடலாகாது என்பதால், ஊழியர் காலையில் வரும்போது வயலுக்கோ கடலுக்கோ போயிருப்பவரின் மூன்று மாத்திரைகள் “ராத்திரி சாப்பிட்டதும் போட்டுக்கச் சொல்றோம்” என்ற வீட்டாரின் உறுதிமொழியோடு மாடத்தில் தங்கிவிடக்கூடும்; பதிவேட்டிலோ அவை வழங்கப்பட்டவை. வழங்கியதையும் உட்கொண்டதையும் தனித்தனியே அளந்து, கே. டி. ராமையா, பி. கே. தாஸ் முதலியோர் தமிழகத் திட்டம் குறித்து 2000இல் வெளியிட்ட ஆய்வின் சிறப்பு இவ்விடைவெளியை வெளிப்படுத்தியதே.

மொத்த மக்களில் 65 விழுக்காட்டினர் உட்கொள்ள வேண்டும் என்ற இலக்கும் இடைவெளியின் ஒரு பகுதியையே காட்டுகிறது. முதிர்ந்த புழு சில ஆண்டுகள் வாழ்வதாலும் டி.இ.சி. அதனை முழுமையாகக் கொல்லாததாலும், ஆண்டுதோறும் வெவ்வேறு ஆட்கள் தவறவிடுவதைவிட, ஒரே ஆள் எல்லாச் சுற்றிலும் தவிர்ப்பது பன்மடங்கு கேடு. முதற்சுற்றில் பக்கவிளைவுக்கு ஆளானவரே அடுத்த சுற்றுகளில் ஒதுங்கியவர் என்ற ஊகத்திற்கு நேரடிச் சான்று மெலிந்ததே. எனினும் விளைவு தோன்றியதே பெரும்பாலும் உடலில் நுண்புழு இருந்ததன் குறியாகையால், அவ்வூகத்தைப் புறந்தள்ளுவது ஆபத்து.

பானர்ஜியின் பக்கம் நிற்போர், வீங்கிய காலைக் கழுவிப் பேணும் பயிற்சியை முதலில் தந்தால் மாத்திரைக்கும் நம்பிக்கை பிறக்கும் எனக் கூறலாம். 2000இல் தொடங்கிய உலகளாவிய ஒழிப்புத் திட்டம் அப்பேணலைத் தன் இரண்டாம் தூணாகவே ஏற்றது. ஆயினும் கால் வீங்கியவர் வீட்டில் பிறக்கும் நம்பிக்கை, வீக்கமே காணாத அடுத்த வீட்டு இளைஞனை எட்டுமா என்பதை, சுற்றுவாரியான கூட்டுத்தொகைகளைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. அதற்கு ஆள்வாரியாக ஆண்டுக்காண்டு தொடரும் பதிவு வேண்டும்.