லிஸ்பன் நகரின் பாட்டுத் தவறணைகள்

போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனுக்கு விடுமுறையைக் கழிக்கச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் பகலிலே கோட்டையையும் தேவாலயங்களையும் சுற்றிப் பார்ப்பர். இருள் சூழ்ந்ததும் பாட்டுத் தவறணைகளைத் தேடிப் புறப்படுவர். யாழ்ப்பாணத்திலே கள்ளு விற்கும் இடத்துக்கு வழங்கும் தவறணை என்னுஞ் சொல்லும், போர்த்துக்கீசரின் 'தவெர்னா' என்னுஞ் சொல்லும் ஓரினத்தவை என்பதை நேயர்கள் காதாலேயே உணரலாம். தேஜோ ஆற்றங்கரையிலிருந்து குன்றின்மேல் ஏறிச் செல்லும் அல்பாமா என்னும் பகுதியிலே, எதிரே ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒதுங்கி வழிவிட வேண்டிய ஒடுங்கிய சந்துகள் பல உண்டு. 1755ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பெரும் பூமியதிர்ச்சி நகரின் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியபோது, இப்பகுதி பெருமளவுக்குத் தப்பியது. அச்சந்துகளிலே வாயிலுக்கு வாயில் கித்தார் ஒலி கேட்கும். உள்ளே சென்றால் பத்துப் பன்னிரண்டு மேசைகள் நெருக்கமாகப் போடப்பட்டிருக்கும். மீனும் மதுவும் பரிமாறப்பட்டுக்கொண்டிருக்கையில் திடீரென விளக்குகள் தணியும், பரிமாறுவோர் நின்ற இடத்தில் நிற்பர், பேச்சு அடங்கும். கறுப்புச் சால்வை போர்த்த பெண்ணொருத்தி, கருவி மீட்டுவோர் முன்னே நின்று, கண்களை மூடித் தலையைச் சற்றே நிமிர்த்திப் பாடத் தொடங்குவாள். மூன்று நான்கு பாட்டுகள் முடிந்ததும் விளக்கு எரியும், உணவு தொடரும். பிரயாணி பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வாயிலை நாடுவான்.

இப்பாட்டுக்கு ஃபாடோ என்று பெயர். இதைக் கேட்டு வரும் பிறநாட்டார், எத்தனையோ நூற்றாண்டுகளாக மாறாது நிலைத்த வழக்கமொன்றைக் கண்டுவிட்டதாகவே எண்ணுவர். பாட்டின் வயது இருநூறு ஆண்டளவே. அவர்கள் கண்ட காட்சிக்கோ அத்துணை வயதும் இல்லை. அனுமதி பெற்ற வீடு, சம்பளம் பெறும் பாடகி, முன்கூட்டி வகுத்த பாட்டு வரிசை என்பன ஆட்சியாளர் ஒருவகை அச்சத்தால் 1927இல் இட்ட சட்டமொன்றின் விளைவாகப் பெரும்பாலும் உருப்பெற்றவை.

ஃபாடோ என்பது ஊழ் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ஊழை ஓர் அதிகாரமாகவே வள்ளுவரிடம் கற்ற தமிழருக்கு, அச்சொல்லைப் பாட்டுக்குப் பெயராக இட்டதன் கருத்து எளிதில் விளங்கும். இதன் தோற்றம் பற்றி அறிஞரிடையே வழக்கு நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. மூர் என்னும் முஸ்லிம் மக்களே இதைத் தந்தனர் என்று சிலர் கூறுவர். 1147இல் நகரம் கிறித்தவ அரசன் கைப்பட்டபின் அம்மக்கள் கோட்டையின் அடிவாரத்திலே குடியிருத்தப்பட்டனர். அவ்விடம் மோராரியா என்று இன்றும் வழங்குகின்றது. ஃபாடோவின் தொட்டில் என்று போற்றப்படுவதும் அதுவே. ஆயினும் முஸ்லிம்கள் நாட்டைவிட்டு நீங்கவேண்டுமென அரசாணை பிறந்தது 1496இல். ஃபாடோ பற்றிய செய்திகள் கிடைப்பதோ 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே. இடையே மூன்று நூற்றாண்டு மௌனம் கிடக்கின்றது. இடப்பெயரின் கவர்ச்சியைத் தவிர இக்கொள்கைக்கு வலிய ஆதாரம் யாதுமில்லை. பிரேசில் நாட்டிலே ஆபிரிக்க அடிமைகள் வழிவந்த ஆடலொன்று இப்பெயரால் வழங்கியதென்பது அதைவிட உறுதியான செய்தி. நெப்போலியனின் படைக்கு அஞ்சி 1807இல் பிரேசிலுக்குக் கப்பலேறிய அரச குடும்பம் 1821இல் திரும்பியது. அக்கப்பல்களிலே பிரபுக்கள் மட்டும் திரும்பவில்லை. மாலுமிகளும் ஏவலரும் அவர்தம் ஆடல் பாடல்களும் உடன் வந்தன.

இவ்விடத்தே இலங்கையரிடையே நிலவும் தவறான எண்ணம் ஒன்றையும் விலக்கிவிடல் தகும். மட்டக்களப்புப் பறங்கியரின் பழம்பாடல்களும், கபிரிஞ்ஞா ஆடலும் ஃபாடோவின் பிள்ளைகள் என்று சிலர் கருதுவர். போர்த்துக்கீசர் இலங்கையில் இருந்த தம் கடைசிக் கோட்டையை இழந்தது 1658இல். லிஸ்பனில் ஃபாடோ தலைகாட்டியது அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பின்னராம். மேசை, அலுமாரி முதலிய சொற்களைத் தந்து சென்றவர்கள் ஃபாடோவைக் கேட்டே அறியார்.

மோராரியா அக்காலத்திலே மதிப்புடையோர் கால்வைக்கத் தயங்கிய இடம். மாலுமிகளும் சுமைகாரரும் விலைமகளிரும் கத்திக்குத்துக்குப் பேர்போன முரடரும் கூடும் தவறணைகள் அங்கே நிறைந்திருந்தன. அத்தகைய தவறணை நடத்திய பெண்ணொருத்தியின் மகள் மரியா செவேரா. அவள் 1820இல் பிறந்தாள், விலைமகளாய் வாழ்ந்தாள், கித்தார் மீட்டி ஃபாடோ பாடினாள், 1846ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் திகதி, இருபத்தாறு வயதில் மாண்டாள். அவளைப் பற்றி உறுதியாகக் கூறக்கூடியது ஏறத்தாழ இவ்வளவே. காளைப் போரில் வல்லவனான விமியோசோ பிரபு அவள் பாட்டில் மயங்கி அவளோடு உறவு பூண்டான் என்பது வழிவழி வந்த செய்தி. இக்கதையை வைத்து ஜூலியோ தாந்தாஸ் 1901இல் நாவலும் நாடகமும் எழுதினார். போர்த்துக்கலின் முதற் பேசும் படமும் 1931இல் அவள் பெயராலேயே வெளிவந்தது. பாடகியர் கறுப்புச் சால்வை போர்ப்பது செவேராவுக்காகத் துக்கங் காத்தலாம் என்பர். கதை எவ்வாறாயினும் அதனுள் உண்மை ஒன்று உண்டு: தவறணையின் பாட்டைப் பிரபுக்களின் மாளிகை செவிமடுக்கத் தொடங்கியது. பாட்டை ஏற்றது, பாடியவளின் தெருவை ஏற்கவில்லை.

இசையின் அமைப்பைச் சிறிது கூறவேண்டும். முன்னின்று பேசும் கருவி போர்த்துக்கீசக் கித்தார். பேரிக்காய் வடிவான உடலும், இரண்டிரண்டாய்ப் பூட்டிய பன்னிரண்டு தந்திகளும் உடையது, நகத்தால் மீட்டப்படுவது. மற்றொரு கித்தார் அடித்தாளத்தைத் தாங்கும். மெனோர், கொர்ரிதோ, மோராரியா என்னும் மூன்று பழைய மெட்டுகளையும் ஆக்கியோர் எவரென்று தெரியாது. இம்மெட்டுகளுக்கென்று தனிப்பட்ட சொல் இல்லை; யாப்பு ஒத்துவரும் எந்தக் கவியையும் அவற்றிலே ஏற்றிப் பாடலாம். கூத்து மெட்டுகளை அறிந்த ஈழத்துத் தமிழருக்கு இது புதுமையன்று. ஆகவே பாடுவோன் அன்று நிகழ்ந்ததை அன்றிரவே கவியாக்கினான். இருவர் எதிரெதிர் நின்று ஒருவரை ஒருவர் மடக்கிப் பாடுதலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தொழிலாளர் இயக்கம் வளர்ந்தபோது, கூலியும் பசியும் வேலைநிறுத்தமும் ஃபாடோவின் பொருளாயின. எழுதப் படிக்க அறியாதோர்க்கு அது பத்திரிகையாகவும் பயன்பட்டதெனலாம்.

இதுவே ஆட்சியாளரின் அச்சத்துக்குக் காரணம். 1926ஆம் ஆண்டு மே மாதத்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மறு ஆண்டு மே 6ஆந் திகதி வெளியான சட்டம் பொதுக் களியாட்டங்கள் அனைத்தையும் கட்டுக்குள் கொணர்ந்தது. பாட்டு நிகழும் இடத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பணம் பெற்றுப் பாடுவோர்க்குத் தொழிற் சான்றிதழ் வேண்டும். பாடப்படும் ஒவ்வொரு கவியும் முன்கூட்டியே தணிக்கையாளரிடம் காட்டி ஒப்புதல் பெற்றிருத்தல் வேண்டும். அப்பொழுதே பிறக்கும் கவிக்கு அதற்கு முதல்நாள் எங்ஙனம் ஒப்புதல் பெறுவது? அனுமதி பெற்ற இடங்களில் புத்தம்புதிதாய்க் கட்டிப் பாடும் வழக்கம் ஒடுங்கியது. கூலியும் வேலைநிறுத்தமும் பாட்டினின்று மறைந்தன. தாயும் பழைய தெருவும் பிரிவாற்றாமையும் எஞ்சின. இன்று வேற்றுநாட்டார் இப்பாட்டின் இயல்பான குணமென்று கருதும் மெல்லிய சோகத்திலே தணிக்கையாளனின் பென்சிலுக்கும் ஒரு பங்குண்டு.

எனினும் அச்சட்டம் கெடுதி மட்டுமே செய்ததென்று தீர்ப்புக் கூறுதல் நேர்மையாகாது. முன்னர் இழிவாகக் கருதப்பட்ட பாடகி, சான்றிதழ் பெற்றதும் தொழிலாளியானாள். அவளுக்குச் சம்பளமும் பெயரும் வந்தன. ஃபாடோ கேட்பதற்கென்றே வீடுகள் தோன்றின. லூசோ என்னும் புகழ்பெற்ற மண்டபம் 1927இலேயே எழுந்தது. 'மேட்டுப் பகுதி' என்று பொருள்படும் பாய்ரோ அல்தோவிலே மச்சாதோவின் தவறணை 1937இலும், பாடகி லூசீலியா தோ கார்மோவின் இல்லம் 1947இலும் திறக்கப்பட்டன. விளக்கைத் தணித்து மெழுகுதிரி ஒளியிற் பாடும் முறையை, மரவேலைத் தொழிலாளியாயிருந்து பாடகரான அல்ஃபிரேதோ மார்சினெய்ரோ பரப்பினார் என்று கூறுவர். பிரயாணி இன்று காணும் அந்த மௌனமும் அரையிருளும் இத்தகைய வீடுகளிலேதான் ஒழுங்குபெற்றன.

வானொலி நேயர்க்குச் சுவை தரக்கூடிய நிகழ்ச்சி ஒன்று 1936இல் நடைபெற்றது. லூயிஸ் மொய்தா என்பவர் அந்நாட்டுத் தேசிய வானொலியிலே எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஃபாடோ தோற்றவர்களின் பாட்டு. அது இளைஞரின் ஊக்கத்தைக் கெடுக்கும் நோய் என்பதே அவற்றின் சாரம். அச்சொற்பொழிவுகள் அவ்வாண்டிலேயே நூலாகவும் வந்தன. சலசாரின் ஆட்சிக்கு அப்போது வேண்டியிருந்தது ஊழை எண்ணி அழும் குடிமக்களல்லர்; நிமிர்ந்து நடைபோடும் படையணி. ஆயினும் அதே வானொலி என்னும் சாதனமே ஃபாடோவை லிஸ்பனின் சந்துகளிலிருந்து எடுத்து நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சேர்த்தது. எட்டுச் சொற்பொழிவுகளால் அதைத் தடுக்க முடியவில்லை.

பகைத்தவர்கள் பின்னர் அணைத்துக்கொண்டனர். உல்லாசப் பிரயாணிகள் பணத்தோடு வந்தபோது, தோற்றவர்களின் பாட்டு தேசத்தின் அணிகலனாயிற்று. விந்தை யாதெனில், இவ்வாறு மேட்டுப் பகுதியிலே பழைய தெருவைப் போலச் சோடிக்கப்பட்ட வீடுகள் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், உண்மையான பழைய தெருவாகிய மோராரியாவின் கீழ்ப்பகுதியை அரசாங்கம் இடித்துக்கொண்டிருந்தது.

இக்காலத்தின் பேருருவம் அமாலியா ரொட்ரிகஸ். 1920இல் ஏழைக் குடும்பத்திற் பிறந்து, துறைமுகத்தருகே பழம் விற்ற அப்பெண், 1939இல் தொழிற் பாடகியாக மேடையேறினார். ஆட்சி அவரை உலகெங்கும் நாட்டின் முகமாகக் காட்டியது. ஆனால் அவர் பாட்டோ ஆட்சியின் கைக்குள் முழுவதும் அடங்கவில்லை. அலைன் ஊல்மான் என்னும் இசையமைப்பாளருடன் சேர்ந்து பெருங்கவிஞர்களின் செய்யுள்களை அவர் பாடினார். 1965இல் மகாகவி கமோயென்சின் கவிகளை ஃபாடோவாகப் பாடியபோது, தவறணைப் பாட்டிலே மகாகவியை ஏற்றலாமா என்று புலவர்கள் பத்திரிகைகளில் வாதிட்டனர். கடலோரச் சிறையில் அடைபட்ட அரசியற் கைதியைக் குறிப்பதாக மக்கள் உணர்ந்த அவருடைய வேறொரு பாட்டு வானொலியில் தடைசெய்யப்பட்டது. ஊல்மான் 1966இல் அரசியற் பொலிசாரால் கைதுசெய்யப்பட்டார்.

1974ஆம் ஆண்டு ஏப்பிரில் 25ஆந் திகதி அவ்வாட்சி வீழ்ந்தது. ஃபாடோ, பாத்திமா யாத்திரை, உதைபந்தாட்டம் ஆகிய மூன்றையுங் காட்டியே பழைய ஆட்சி மக்களை மயக்கியதென்று புரட்சியாளர் பழித்தனர். அமாலியாவும் பழிக்குத் தப்பவில்லை. அரை நூற்றாண்டு தணிக்கையைத் தாங்கிய பாட்டு, தணிக்கை செய்தவனின் தோழனாக எண்ணப்பட்டமை வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று. அந்தக் கோபம் தணிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 1998இல் அல்பாமாவிலே ஃபாடோ நூதனசாலை திறக்கப்பட்டது. 1999இல் அமாலியா மறைந்தபோது அரசாங்கம் மூன்று நாட் துக்கம் அனுட்டித்தது. 2011ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி யுனெஸ்கோ நிறுவனம் ஃபாடோவை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

பாட்டுக்குப் பாதுகாப்புக் கிடைத்த அவ்வேளையில் பாட்டின் தெருவுக்கு வேறோர் இடர் நேர்ந்தது. அல்பாமாவின் சிறு வீடுகள் உல்லாசப் பிரயாணிகள் சில நாட்கள் தங்கிச் செல்லும் விடுதிகளாக மாறலாயின. வாடகை உயர்ந்தது; தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். 2018இல் நகரசபை அல்பாமா, மோராரியா, பாய்ரோ அல்தோ முதலிய பகுதிகளிலே புதிய விடுதிகளுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தி வைத்தது. ஆட்சியாளர் 1927இலே அனுமதிப்பத்திரத்தால் பாடுவோரைக் கட்டினர். இப்போது, கேட்க வருவோரின் தொகை கண்டு, அதே அனுமதிப்பத்திரத்தையே கையாள வேண்டியதாயிற்று.

ஏனெனில், விருந்து வீடுகளுக்கு வேண்டியவர்கள் பாடகியும் பிரயாணியுமே. ஆனால் 'நாடோடி ஃபாடோ' என்று வழங்கும் மற்றொரு வகைக்கு அயலவர் வேண்டும். சில சிறு தவறணைகளிலே அது இன்றும் நிகழ்கின்றது. அங்கே பாடுவோர்க்குச் சம்பளமில்லை. பாட்டு வரிசையும் இல்லை. மூலையில் அமர்ந்திருக்கும் முதியவரோ, அடுக்களையில் நின்ற பெண்ணோ எழுந்து, கித்தார்காரனிடம் பழைய மெட்டின் பெயரையும் சுருதியையும் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்குவர். மெட்டு எல்லார்க்கும் தெரிந்ததுதான்; எந்தச் சொல்லை அதில் ஏற்றுவார் என்று பார்க்கவே மற்றவர்கள் பேச்சை நிறுத்துகின்றனர்.