பதிவேட்டின் வாசலில் அலீன் கஸ்ட்

ஒரு தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் தகுதியற்றோரிடமிருந்து மக்களைக் காப்பதற்கென இயற்றப்படுகிறது. ஆயினும் தகுதியைச் சோதிக்கும் தேர்வுக்குள் யாரை அனுமதிப்பது என்ற அதிகாரம் ஓர் அமைப்பிடம் குவியும்போது, தகுதியுடையோரையே விலக்கும் கருவியாக அச்சட்டம் மாறக்கூடும். பிரித்தானியக் கால்நடை மருத்துவத் துறையின் வரலாற்றில் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம்.

1844-இல் அரச சாசனம் பெற்று உருவான ராயல் கால்நடை மருத்துவர்கள் கழகம் கல்வி கற்பிக்கும் நிறுவனமன்று. கற்பிப்பது கல்லூரிகளின் பணி. தேர்வு நடத்தித் தொழிலுக்குள் அனுமதிப்பது கழகத்தின் பணி. 1881-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டில் இடம்பெறாதோர் ‘கால்நடை மருத்துவர்’ என்னும் பெயரைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அதே சட்டம், ஐந்தாண்டுகள் இடைவிடாது தொழில் செய்துவந்தோரைத் தேர்வு இன்றியே தனிப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளவும் வழிவகுத்தது. நடைமுறையில் இருந்தோரின் பிழைப்பைக் கருதிச் சட்டம் காட்டிய நெகிழ்வு அது.

அத்தகைய நெகிழ்வு அலீன் கஸ்டுக்குக் கிடைக்கவில்லை. 1868-இல் அயர்லாந்தில் உயர்குடியொன்றில் பிறந்த அவர், எடின்பரோவில் வில்லியம் வில்லியம்ஸ் நடத்திய புதிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். குடும்பத்திற்குச் சங்கடம் நேராதிருக்கக் ‘கஸ்டன்ஸ்’ என்னும் மாற்றுப்பெயரில் பயின்றார். கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. கழகமோ 1897-இல் அவரைத் தேர்வெழுத அனுமதிக்க மறுத்தது. சாசனத்திலோ சட்டத்திலோ பெண்களை விலக்கும் வெளிப்படையான விதி இல்லை. சட்டம் மௌனமாக இருந்த இடத்தைக் கழகம் மறுப்பால் நிரப்பியது.

அவர் எடின்பரோவின் உயர் நீதிமன்றத்தை நாடினார். கழகத்தின் இருப்பிடம் லண்டன். ஆகவே அதன்மீது ஸ்காட்லாந்து நீதிமன்றத்திற்கு அதிகாரவரம்பு இல்லை என்று வழக்கு முடிந்தது. பெண்ணுக்கு உரிமை உண்டா இல்லையா என்ற மையக் கேள்வி விடையின்றியே நின்றது.

1900-இல் படிப்பை நிறைவு செய்த கஸ்ட், பட்டயம் இன்றி, வில்லியம்ஸ் அளித்த நற்சான்றுடன் அயர்லாந்து திரும்பினார். ராஸ்காமன் பகுதியில் வில்லியம் பைர்ன் என்ற மருத்துவரின் உதவியாளராகப் பணியாற்றினார். பின்னர் கால்வே மாவட்டக் கவுன்சில் அவரைக் கால்நடை ஆய்வாளர் பணிக்குத் தேர்ந்தெடுத்தபோது மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. இறுதியில் பதவியின் பெயரிலிருந்து ‘கால்நடை’ என்னும் அடையை நீக்கி, வெறும் ‘ஆய்வாளர்’ என்று பெயரிட்டுச் சமரசம் கண்டனர். வேலையை அவர் செய்யலாம். அவ்வேலைக்குரிய பெயர் மட்டும் அவருக்குக் கூடாது என்பதே அச்சமரசத்தின் பொருள்.

முதல் உலகப்போரின்போது அவர் பிரான்சுக்குச் சென்று போர்க்குதிரைகளுக்கான சிகிச்சைப் பணியில் பங்கேற்றார். 1919-இல் நாடாளுமன்றம் பால் அடிப்படையிலான தகுதியின்மைகளை நீக்கிச் சட்டம் இயற்றிய பின்னரே கழகத்தின் கதவு திறந்தது. 1922 டிசம்பரில், தம் 54-ஆம் வயதில், கஸ்ட் பட்டயம் பெற்றுப் பிரித்தானியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவராகப் பதிவு செய்யப்பட்டார். இரண்டாண்டுகளில் உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்றார். 1937-இல் ஜமைக்காவில் மறைந்தார். மறுப்புக்கும் பட்டயத்திற்கும் இடையே கடந்த 25 ஆண்டுகளை எந்தப் பதிவேடும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

இங்குக் கவனிக்கத்தக்கது, மாற்றம் கழகத்தின் உள்ளிருந்து தோன்றவில்லை என்பதாகும். வெளியிலிருந்து வந்த பொதுச் சட்டமே அதனைப் பணிய வைத்தது. கதவு திறந்த பிறகும் தலைமை உடனே மாறவில்லை: முதல் பெண் தலைவராக ஓல்கா உவரோவ் பொறுப்பேற்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்நாட்டின் கால்நடை மருத்துவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள்.

அதே வாசலில் இப்போது வேறொரு கேள்வி நிற்கிறது. 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டம் பெற்றுப் பதிவு செய்வோர் எல்லா விலங்கினங்களுக்கும் எல்லாச் சிகிச்சைகளையும் அளிக்கும் தகுதியுடையவராகக் கருதப்படுகின்றனர். கண்டு வீழ்ந்த மாட்டைக் கையாள இயலாத மாற்றுத்திறனாளி மாணவர், நோய்க்கூறியலிலோ சிறு விலங்கு மருத்துவத்திலோ சிறந்து விளங்கக்கூடும். அவருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்கலாமா என்பது அண்மை ஆண்டுகளில் அங்கு விவாதிக்கப்படுகிறது.

இரு கேள்விகளும் ஒன்றல்ல. கஸ்டின் திறமை சோதிக்கப்படவே இல்லை. இங்கோ எத்திறமை இன்றியமையாதது என்பதே வினா. எனினும், பணிக்கு உண்மையில் தேவையான தகுதி எது, பழக்கத்தால் தகுதியெனக் கருதப்படுவது எது என்று பிரித்தறியும் கடமை இரண்டிலும் ஒழுங்குமுறை அமைப்பையே சேர்ந்தது. 1897-இல் அக்கடமை தவறியதற்கான விலையைக் கொடுத்தவர் வாசலுக்கு வெளியே நின்றவர்.