ஒரு குறிப்பில் எஞ்சிய தெய்வம்

பனி நீங்கித் தளிர் தோன்றும் பருவத்தில் விழா எடுப்பது மாந்தரினத்தின் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. ஐரோப்பியரின் ஈஸ்டர் விழாப் பெயரும், அதனோடு இணைந்த முட்டையும் முயலும் கிறித்தவத்திற்கு முற்பட்ட இளவேனில் தெய்வம் ஒன்றின் எச்சங்கள் என்பர். இக்கூற்றின் சான்று வலிமை ஆராய்தற்குரியது.

அத்தெய்வத்தின் பெயர் ஈயோஸ்த்ரே. அதனைப் பதிவு செய்தவர் வட இங்கிலாந்தின் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்னும் துறவி. கி.பி. 725இல் இலத்தீனில் இயற்றிய காலக்கணிப்பு நூலில், ஆங்கிலேயரின் பழைய திங்கட்பெயர்களை விளக்குமிடத்து, ஏப்ரலையொத்த திங்கள் இத்தெய்வத்தின் பெயரால் வழங்கியதென்றும், அத்திங்களில் அவளுக்கு விழா எடுத்தனர் என்றும் கூறி மேற்செல்கிறார். கோயிலோ கதையோ முயலோ முட்டையோ அங்கு இல்லை. இத்தெய்வத்தைப் பெயர் சுட்டிக் கூறும் பழஞ்சான்று இஃதொன்றே.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின், 1835இல், யாக்கோபு கிரிம் செருமானியத் தொன்மங்களைத் தொகுத்தார். செருமானிய மொழியிலும் அவ்விழா 'ஓஸ்டர்ன்' எனப்படுவதால், 'ஒஸ்தாரா' என்றொரு தெய்வம் அங்கும் வழிபடப்பட்டிருக்க வேண்டும் என அவர் உய்த்துணர்ந்தார். 1874இல் வெளிவந்த நூலில் அடோல்ஃப் ஹோல்ட்ஸ்மான், ஈஸ்டர் முயலின் பொருள் தமக்கு விளங்கவில்லை என ஒப்புக்கொண்டே, அஃது ஒஸ்தாராவுக்குரிய விலங்காகலாம் என்றார். அவ்வூகம் பின்னர்க் கதையாயிற்று. தெய்வம் பறவையொன்றை முயலாக்கினாள் என்றும், அதனால் அம்முயல் முட்டையிடுகிறது என்றும் கூறலாயினர்.

முட்டை வழக்கத்திற்கு எளிய காரணம் உண்டு. இடைக்காலத் திருச்சபை நாற்பது நாள் நோன்பில் முட்டையை விலக்கியது. கோழிகளோ நோன்பு அறியா. சேர்ந்த முட்டைகள் நோன்பு முடிவில் விருந்தாயின. 1290இல் முதலாம் எட்வர்டு மன்னரின் அரண்மனைக் கணக்கில் ஈஸ்டருக்கென 450 முட்டைகள் குறிக்கப்பட்டுள்ளன. முட்டை கொணரும் முயலோ 1682ஆம் ஆண்டின் செருமானிய மருத்துவ நூலொன்றிலேயே தெளிவாகத் தென்படுகிறது.

அவ்வாறாயின் அத்தெய்வமே பீடின் கற்பனையோ? அவ்வாறு தள்ளிவிடவும் இயலாது. 1958இல் செருமனியின் மோர்கன்-ஹார்ஃப் அருகே, 'அவுஸ்திரியாகேனே' என்னும் தாய்த்தெய்வங்களுக்குரிய உரோமானியர் காலக் கல்வெட்டுகள் நூற்றைம்பதுக்கு மேல் கிடைத்தன. அப்பெயரும் ஈயோஸ்த்ரே என்பதும் கிழக்கு, விடியல் என்னும் பொருளுடைய ஒரே வேரைச் சார்ந்தவை என ஆய்வாளர் கருதுவர். எனவே பெயருக்குச் சான்று உண்டு. முயலுக்கும் முட்டைக்கும் இல்லை.

தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 'பாஸ்கா' எபிரேய வேர்ச்சொல். 'ஈஸ்டர்' ஆங்கிலத்தின் வழிவந்தது. பீட் கூறியது உண்மையாயின், பின்னதை ஒலிக்கும் ஒவ்வொரு நாவும் மறைந்துபோன தெய்வமொன்றின் பெயரை அறியாமலே சொல்கிறது. வென்ற சமயத்தின் துறவி எழுதிவைத்தமையாலேயே தோற்ற தெய்வத்தின் பெயர் எஞ்சியது. எஞ்சிய அச்சிறு குறிப்பின்மேல் இல்லாத கதைகளை ஏற்றாமல் காப்பதே அத்தெய்வத்தை வணங்கி மறைந்த மக்களுக்கு வரலாறு செய்யும் நேர்மை.